கடிகாரமும் சுங்கச் சாவடியும்

எல்லை தாண்டிக் கள்ளத்தனமாகப் போவதற்கென்றே மனிதன் ஒரு பொருளைக் கண்டுபிடித்தான் என்றால், அது கடிகாரமாகத்தான் இருக்க வேண்டும். அரிசி மூட்டையைக் கடத்தினால் சுமை கூலிக்குக் கட்டாது. பட்டுப் புடவையை ஒளித்து வைக்க ஒரு பெட்டியாவது வேண்டும். கடிகாரமோ உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. எவனாவது உத்தியோகஸ்தன் வழிமறித்து, "இது என்ன?" என்று கேட்டால், "மணி பார்ப்பதற்கு, ஐயா!" என்று பணிவாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். கடிகாரத்தின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், அதைச் செய்தவர்களுக்குச் சமமான இடத்தைச் சுங்க அதிகாரிகளுக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது. நான் சற்று மிகைப்படுத்துவதாக வாசகர்கள் நினைக்கக்கூடும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

ஜெனீவா நகரத்தில் ழான் பிரான்ஸுவா போத் என்று ஒருவர் இருந்தார். 1772-ல் பிறந்து 1837-ல் காலமானவர். காகிதம் போல் மெலிந்த பைக் கடிகாரங்களும், நகைக்குள் ஒளிந்திருக்கும் சின்னஞ்சிறு கடிகாரங்களும் செய்வதில் மகா கெட்டிக்காரர். ஐரோப்பாவின் பிரபுக்கள் ஜெனீவாவுக்குப் போனால் அவர் கடைக்குள் நுழையாமல் திரும்ப மாட்டார்கள். இந்தப் போத்தைப் பற்றி, 'மூன்று துப்பாக்கி வீரர்கள்' எழுதிய அலெக்ஸாண்டர் டூமா தம்முடைய ஸ்விட்ஸர்லாந்துப் பயண நூலில் ஒரு கதை சொல்கிறார். நாவலாசிரியர் சொல்லும் கதையாயிற்றே என்று நீங்கள் சந்தேகப்பட்டால், ஒரு நாவலாசிரியன் என்ற முறையில் அதை ஆட்சேபிக்க எனக்கு வாய் இல்லை. ஆனால் கதை அருமையானது.

அந்தக் காலத்தில் பிரான்ஸின் சுங்க இலாகா முழுவதற்கும் தலைவராக இருந்தவர் ஸாங் கிரிக் பிரபு. ஜெனீவா சரக்கு வரி கட்டாமல் பிரான்ஸுக்குள் வந்து குவிகிறது என்று அவருக்குப் புகாருக்கு மேல் புகார். ஆகவே சாதாரணப் பிரயாணி போல ஜெனீவாவுக்குப் போனார். போத்தின் கடைக்குள் நுழைந்து ஆயிரக்கணக்கான பிராங்க் பெறுமானமுள்ள சாமான்களைப் பொறுக்கி எடுத்தார். "வரி தொந்தரவு இருக்குமே?" என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார். "அது எங்கள் கவலை. விலைக்கு மேல் நூற்றுக்கு ஐந்து கொடுத்தால் சாமான் பாரிஸில் உங்கள் வீட்டுக்கே வந்து சேரும்" என்றார் கடைக்காரர். பிரபு சம்மதித்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் தம் பெயரையும், அதன் கீழே 'சுங்க இலாகாத் தலைவர்' என்ற பதவியையும் நிறுத்தி நிதானமாக எழுதினார். போத் அதைப் படித்தார். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. "நீங்கள் பாரிஸ் போய்ச் சேரும்போது சாமானும் வந்து சேர்ந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

பிரபுவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வண்டியைப் பூட்டச் சொல்லி எல்லைக்குப் பறந்தார். ஒவ்வொரு சாவடியிலும் இறங்கி, இன்ன சாமான் வரப் போகிறது, பிடிப்பவனுக்கு வெகுமதி என்று உத்தரவு போட்டுக்கொண்டே போனார். சாவடிக் காவலர்கள் தூக்கத்தை மறந்து வழிப்போக்கர்களின் மூட்டைகளைக் குடைந்தார்கள். பிரபு பாரிஸில் தம் மாளிகைக்குள் நுழைந்தார்; மனைவி மக்களைத் தழுவிக்கொண்டார்; உடை மாற்றிக்கொள்ள அறைக்குள் போனார். அங்கே கணப்பு மாடத்தின் மேல் ஓர் அழகான பெட்டி உட்கார்ந்திருந்தது. அதன் மேல் அவருடைய பெயரும் பதவியும் பொறித்திருந்தன. உள்ளே, அவர் வாங்கிய நகைகளும் கடிகாரங்களும் ஒன்று குறையாமல் இருந்தன. போத், பிரபு தங்கியிருந்த விடுதிப் பணியாளைச் சரிக்கட்டி, அந்தப் பெட்டியைப் பிரபுவின் சொந்தச் சாமான்களுக்கு நடுவே வைக்கச் செய்துவிட்டார்! எல்லையில் எல்லாருடைய மூட்டையையும் அவிழ்த்துப் பார்த்தவர்கள், உத்தரவு போட்டவருடைய வண்டியைத் தொட்டுப் பார்ப்பார்களா?

இதெல்லாம் இருநூறு வருஷத்துக்கு முந்திய சமாசாரம். இன்று ஜெனீவாவுக்குப் போய்த்தான் கடிகாரம் வாங்க வேண்டுமென்பதில்லை. மயிலாப்பூரில் சாய்வு நாற்காலியில் படுத்தபடி, இணையத்தின் மூலமாக, ஒஸாகாவில் ஒரு கடையையும் சிகாகோவில் ஒரு கடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விலை பேசலாம். என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற கணித ஆசிரியர், அப்படித்தான் செய்தார். நாற்பது வருஷம் பள்ளிக்கூட மணிக்குக் கட்டுப்பட்டவருக்கு, மணி அடிப்பது நின்ற பிறகு கடிகாரத்தின் மேல் ஆசை பிறந்தது விசித்திரந்தான். 1940-களில் செய்த ஒரு ஒமேகா. சாவி கொடுக்கும் ரகம். அமெரிக்காவில் ஒரு வியாபாரி வைத்திருந்தார். பேரம் படிந்தது. பிறகு வியாபாரியிடமிருந்து ஒரு கேள்வி வந்தது: "பார்ஸல் மேல் 'அன்பளிப்பு, மதிப்பு இருபது டாலர்' என்று எழுதிவிடட்டுமா? இந்தியாவில் வரி அதிகம் என்று கேள்விப்பட்டேன்."

நண்பர் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "ஸார், நீங்கள் பழைய சரித்திரமெல்லாம் படிக்கிறவர். இதற்கு என்ன பதில் எழுதலாம்?" என்றார். சரித்திரத்தில் இதற்குப் பதில் இருக்கத்தான் செய்கிறது. அதுவும் அந்தக் கடிகாரத்தின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது.

பழைய கடிகாரம் ஒன்றின் பின்மூடியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? சக்கரங்களின் அழகைச் சொல்லவில்லை. அங்கங்கே பொடி எழுத்திலும் முத்திரையிலும் சில குறிகள் இருக்கும். அவற்றில் பல கடிகாரம் செய்தவன் பெருமைக்காகப் பொறித்தவை அல்ல. ஏதோ ஒரு தேசத்துச் சர்க்கார் வரிக்காகப் பொறிக்கச் சொன்னவை. காவிரிப்பூம்பட்டினத்தில் ஏற்றுமதி இறக்குமதிச் சரக்கின் மேல் சோழனுடைய புலி முத்திரையைக் குத்தினார்கள் என்று 'பட்டினப்பாலை' சொல்கிறதல்லவா? அந்தப் புலி எந்த மூட்டையிலும் இன்று நமக்குப் பார்க்கக் கிடைக்காது. கடிகாரத்தில் குத்திய முத்திரை மட்டும் அப்படியே இருக்கிறது.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1797-ல் பிரதம மந்திரி பிட், பிரெஞ்சு யுத்தச் செலவுக்காக, கடிகாரம் வைத்திருப்பவர்கள் மீதே வரி போட்டுப் பார்த்தார். பொன் கடிகாரத்துக்கு வருஷம் பத்து ஷில்லிங், வெள்ளிக்கு இரண்டரை ஷில்லிங். ஜனங்கள் கடிகாரத்தை ஒளித்து வைத்தார்கள். புதிதாக வாங்குவதை நிறுத்தினார்கள். தொழிலாளர் பட்டினி கிடந்தார்கள். அடுத்த வருஷமே வரியை எடுத்துவிட்டார்கள். அது அற்பாயுசு. ஆனால் 1907-ம் வருஷம் ஜூன் மாதம் முதல் இன்னொரு விதி வந்தது: வெளிநாட்டிலிருந்து வரும் தங்க, வெள்ளிக் கடிகாரக் கூடுகளை இங்கிலாந்தின் மாற்றுப் பார்க்கும் நிலையங்களில் பரிசோதித்து முத்திரை குத்திய பிறகே விற்கலாம் என்று. ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு குறி. ஒவ்வொரு வருஷத்துக்கும் ஓர் எழுத்து. உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு அதைக் காப்பாற்றவில்லை. ஆனால் நூறு வருஷம் கழித்து, இன்ன கடிகாரம் இன்ன வருஷத்தது என்று ஐயமறச் சொல்ல நமக்கு அது உதவுகிறது. செய்தவனுடைய கணக்குப் புஸ்தகம் எரிந்து போயிருக்கலாம். வரி வாங்கியவனுடைய முத்திரை வெள்ளியில் ஆழப் பதிந்திருக்கிறது.

பிறகு 1915 வந்தது. முதல் யுத்தம். கப்பலில் இடம் இல்லை. கஜானாவில் பணம் இல்லை. நிதி மந்திரி மெக்கென்னா, மோட்டார் கார், சினிமாப் பிலிம், சங்கீத வாத்தியம், கடிகாரம் ஆகியவற்றை ஆடம்பரம் என்று ஒரே பட்டியலில் போட்டு, 33⅓ சதவிகிதம் வரி விதித்தார். யுத்த காலத்துக்கு மட்டும் என்று சொன்ன வரி. 1924-ல் தொழிற் கட்சி அதை ரத்து செய்தது. மறு வருஷமே சர்ச்சில் திரும்பக் கொண்டு வந்தார். 1956 வரை அது சாகவில்லை. தாற்காலிக வரிகளின் ஆயுசைப் பற்றி நம் நாட்டு வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று முதலாம் குலோத்துங்கனைக் கல்வெட்டில் வெட்டி வைத்து ஏன் கொண்டாடினார்கள் என்பது இப்போது புரிகிறது. அப்படிப்பட்ட காரியம் அடிக்கடி நடப்பதில்லை.

மெக்கென்னாவின் வரி லண்டனில் வியாபாரம் செய்துகொண்டிருந்த ஹான்ஸ் வில்ஸ்டார்ப் என்ற ஜெர்மானியரையும் தாக்கியது. 1905-ல் மைத்துனர் டேவிஸுடன் கூட்டுச் சேர்ந்து லண்டனில் தொழில் ஆரம்பித்தவர். 1908-ல் ரோலெக்ஸ் என்ற பெயரைப் பதிவு செய்தவர். ஸ்விட்ஸர்லாந்திலிருந்து லண்டனுக்கு வரவழைத்து, வரி கட்டி, அங்கிருந்து மறுபடியும் உலகத்துக்கு அனுப்புவது கட்டுபடியாகவில்லை. கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். 1920-ல் ஜெனீவாவில் கம்பெனி பதிவாயிற்று. இங்கிலாந்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரு கீர்த்தியை அந்த மூன்றில் ஒரு பங்கு வரி விரட்டிவிட்டது என்பது என் அபிப்பிராயம். போகாமல் தங்கிய வியாபாரிகள் வேறு தந்திரம் செய்தார்கள். கடிகாரத்தின் யந்திரத்தை மட்டும் இறக்குமதி செய்து, பர்மிங்ஹாமில் டென்னிஸன் கம்பெனி போன்றவர்கள் செய்த கூட்டில் பொருத்தி விற்றார்கள். உயிர் ஸ்விட்ஸர்லாந்து, உடல் இங்கிலாந்து. இன்றைக்கு அப்படிப்பட்ட கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "கூடு மாற்றிய மோசடிச் சரக்கு" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். மோசடி இல்லை, அது வரி செய்த வேலை.

ஆனால் இந்தக் கலையில் அமெரிக்காவை யாரும் மிஞ்ச முடியாது. 1930-ம் வருஷத்து அமெரிக்கச் சுங்கச் சட்டம் கடிகாரத்தைக் கல்லை எண்ணி வரி போட்டது. கல் என்றால் அலங்காரக் கல் அல்ல. சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல்வதற்காகச் செயற்கைச் சிவப்புக் கற்களைக் குமிழாக்கிப் பொருத்துவார்கள். பதினேழு கல்லுக்கு மேல் இருந்தால், ஒரு யந்திரத்துக்குப் பத்து டாலர் எழுபத்தைந்து சென்ட் வரி! அன்றைய நிலையில் அது கொள்ளை. விளைவு என்ன? அமெரிக்காவுக்குப் போன ஸ்விஸ் கடிகாரங்கள் பெரும்பாலும் பதினேழோடு நின்றன. சாவி கொடுக்கும் கடிகாரத்துக்குப் பதினேழு கல் தாராளமாகப் போதும் என்பது உண்மைதான். ஆனாலும் '17 கல்' என்ற வார்த்தை உலகெங்கும் தரத்தின் அடையாளமாகப் பரவியதில் அந்தச் சட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பதினேழு கல்லோடு கொண்டு வந்து, அமெரிக்க மண்ணில் இறங்கிய பிறகு மேலும் சில கற்களைப் பதித்து விற்றவர்களும் உண்டு.

இன்னொரு வேடிக்கை. கடிகாரத்தை நிமிர்த்தி, படுக்க வைத்து, தலைகீழாக வைத்து, எந்த நிலையிலும் சரியாக ஓடும்படி திருத்துவார்கள். அதற்கும் தனித்தனியே வரி என்றது அமெரிக்கா. உடனே ஸ்விஸ்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நன்றாகத் திருத்திய யந்திரத்தின் மேலேயே 'திருத்தப்படாதது' என்று ஆங்கிலத்தில் பொறித்து அனுப்பினார்கள். எந்த வியாபாரியாவது தன் சரக்கை மட்டம் என்று தானே முத்திரை குத்தி விற்பானா? வரிக்கு அந்தச் சக்தி உண்டு. 1930-களின் நடுவிலிருந்து இறக்குமதி செய்கிற கம்பெனிக்கு மூன்றெழுத்து அடையாளமும் பொறிக்க வேண்டும் என்று ஏற்பட்டது. ஒமேகாவுக்கு ஓ. எக்ஸ். ஜி.; ரோலெக்ஸுக்கு ஆர். ஓ. டபிள்யூ.; வாஷரோனுக்கு வி. எக்ஸ். என். இந்த மூன்றெழுத்து இருந்தால் அந்த யந்திரம் அமெரிக்கச் சுங்கச் சாவடியைக் கடந்தது என்று அர்த்தம். 1954-ல் ஜனாதிபதி ஐஸனோவர் வரியை இன்னும் ஏற்றினார். கடிகாரத் தொழிலாளிகள் யுத்தத்தில் வெடிகுண்டின் நேர யந்திரம் செய்யத் தேவை, அவர்கள் தொழில் அழியக் கூடாது என்று ஒரு வாதம். 1967-ல் ஜான்ஸன் அதைக் குறைத்தபோது, காப்பாற்ற வேண்டிய தொழிலில் அதிகம் மிஞ்சியிருக்கவில்லை.

நம் தேசத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியா ஸ்விஸ் கடிகாரங்களுக்கு நல்ல சந்தை. வெஸ்ட் எண்ட், பாவர் லூபா முதலிய பெயர்கள் ரயில்வே குமாஸ்தா வரையில் தெரிந்தவை. சுதந்திரத்துக்குப் பிறகு, 1957-ஐ ஒட்டி அந்நியச் செலாவணி வற்றியது. இறக்குமதிக்குக் கதவு ஏறக்குறைய சாத்தப்பட்டது. 1961-ல் ஜப்பானின் ஸிட்டிஸன் கம்பெனியின் ஒத்துழைப்போடு பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை தொடங்கிற்று. மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி. வாங்கிப் போட்ட மாமனார்களின் பெருமிதத்தைப் பார்த்தவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். ஆனால் 'பாரின் கடிகாரம்' என்ற மோகம் போகவில்லை. கேட்பவர் இருந்து, வழி இல்லாவிட்டால் என்ன நடக்கும்? போத் செய்ததுதான் நடந்தது. மேற்குக் கரையில் இரவில் தோணிகள் ஒதுங்கின. அதனால்தான் 1962-ம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் 123-வது பிரிவு தங்கத்துக்குப் பக்கத்தில் கடிகாரத்தையும் பெயர் சொல்லி உட்கார வைத்தது. கள்ளச் சரக்கு என்று நியாயமாகச் சந்தேகித்து அதிகாரி ஒரு கடிகாரத்தைக் கைப்பற்றினால், அது கள்ளச் சரக்கு அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருந்தவன் தலையில்! வழக்கமான நீதிக்கு இது தலைகீழ். அந்தப் பிரிவில் கடிகாரம் இன்றைக்கும் இருக்கிறது. எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தைத்தான் மூடிவிட முடிவு செய்து, 2016-ல் கதவை அடைத்தார்கள்.

கதவு சாத்திய காலத்தின் இன்னொரு விளைவை அயல் நாட்டு ரசிகர்கள் கேலி செய்கிறார்கள். நம் வெயிலிலும் ஈரக் காற்றிலும் கடிகாரத்தின் முகம் கறுத்துப் புள்ளி விழுந்துவிடும். புது முகத்தகடு வரவழைக்க வழியில்லை. ஆகவே பம்பாயில் பட்டறைக்காரர்கள் பழைய தகட்டைச் சுரண்டி, வர்ணம் பூசி, எழுத்தை மறுபடி அச்சடித்தார்கள். பிழைப்புக்காகவும் தேவைக்காகவும் பிறந்த கைத்தொழில் அது. அதை நான் இழிவாக நினைக்கவில்லை. இணையம் வந்த பிறகு அந்தத் தொழில் வேறு வேஷம் போட்டது. சிவப்பும் பச்சையுமாகப் பூசிய முகத்தோடு, பல கடிகாரங்களின் உறுப்புகளை ஒட்டுப் போட்டு, அயல் நாடுகளுக்கு மலிவு விலையில் அனுப்பினார்கள். அதற்குப் 'பம்பாய்ச் சரக்கு' என்றே பெயர். ஆகவே லண்டனிலிருந்து மலிவாக வாங்குகிறோம் என்று நினைக்கிறவர், அது எங்கே பிறந்து எங்கே முகம் கழுவிக்கொண்டது என்று பார்த்து வாங்குவது நல்லது. பம்பாயிலிருந்து போன சரக்குக்கு அங்கே ஒரு வரியும் இங்கே ஒரு வரியும் கட்டித் திரும்ப வரவழைப்பதில் புண்ணியம் ஒன்றும் இல்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு, நண்பருடைய கேள்விக்கு வந்தேன். முதலாவது, 'அன்பளிப்பு' என்ற வார்த்தைக்கு இப்போது மந்திர சக்தி கிடையாது. 2019 டிசம்பரில், அன்பளிப்பு என்று சொல்லி வரியில்லாமல் சாமான் வரவழைப்பதை இந்தியச் சர்க்கார் நிறுத்திவிட்டது. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விலக்கு. ஒமேகாவை ராக்கிக் கயிறு என்று சொல்ல எந்தத் தங்கைக்கும் துணிவு வராது. இரண்டாவது, இருபது டாலர் என்று எழுதினால் அதிகாரி நம்ப வேண்டிய அவசியம் இல்லை. எழுதிய விலையை ஒதுக்கிவிட்டுத் தாமே மதிப்புப் போட விதியில் இடம் இருக்கிறது. பார்ஸல் வழியில் தொலைந்தால் இன்ஷூரன்ஸ்காரன் கொடுப்பதும் அந்த இருபது டாலர்தான். மூன்றாவது, பழைய கடிகாரத்தின் வார் முதலைத் தோலாக இருந்தால் அதைக் கழற்றிவிட்டு அனுப்பச் சொல்ல வேண்டும். அருகி வரும் ஜீவராசிகளைப் பற்றிய 1973-ம் வருஷத்து சர்வதேச ஒப்பந்தம் அதற்கு வேறு காகிதம் கேட்கும். வாருக்காகக் கடிகாரமும் மாட்டிக்கொள்ளும்.

"கடைசியாக ஒன்று ஸார்" என்றார் நண்பர். "பழைய சாமானை இறக்குமதி செய்ய லைசென்ஸ் வேண்டும் என்கிறார்களே?" அதுவும் நிஜந்தான். உபயோகித்த பழைய பொருள்களுக்குப் பொதுவாக அனுமதி தேவை. சொந்த உபயோகத்துக்கென்று தபாலில் வரும் ஒற்றைச் சாமானுக்கு வேறு கணக்கு. எந்தக் கணக்கில் போடுவது என்பதுதான் தகராறு. இதில் சட்டத்தின் மனப்போக்கு விநோதமானது. எழுபது எண்பது வருஷத்துக் கடிகாரம் 'பழைய சாமான்'; அதற்கு மதிப்பில்லை, சந்தேகந்தான் உண்டு. நூறு வயது தாண்டிவிட்டால் அதே கடிகாரம் சுங்கப் பட்டியலில் 'தொல்பொருள்' என்ற தனித் தலைப்புக்குப் போய்விடுகிறது. மனிதர்களுக்குக்கூட அறுபதில் ஒரு மரியாதை, எண்பதில் ஒரு மரியாதை என்று படிப்படியாகத்தான் செய்கிறோம். கடிகாரத்துக்கு ஒரே இரவில்!

நண்பர் உண்மை விலையையே எழுதச் சொன்னார். அதில் அவருக்கு நிறையச் சிரமம் ஏற்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பார்ஸல் ஒரு சுங்க அலுவலகத்தில் மூன்று வாரம் கிடந்தது. இரண்டு தடவை நேரில் போனார். பணம் அனுப்பிய பாங்கிக் காகிதம், வியாபாரியின் கடிதம், விலைப் பட்டியல் எல்லாம் காட்டினார். "இத்தனை வயதான கடிகாரத்துக்கு இவ்வளவு விலையா? அதிகமாகக் கொடுத்து ஏமாந்துவிட்டீர்களே!" என்று மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அனுதாபப்பட்டாராம். விலையைக் குறைத்துச் சொல்கிறவர்களையே பார்த்துப் பழகியவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. கடிகார விலை, தபால் கட்டணம், இன்ஷூரன்ஸ் மூன்றையும் கூட்டி அதன் மேல் வரி போட்டார்கள். நண்பருடைய ஒரு மாதப் பென்ஷனில் கணிசமான பகுதி அதற்குப் போயிற்று.

கடிகாரத்தைத் திருவல்லிக்கேணியில் ஒரு கிழட்டு ரிப்பேர்க்காரரிடம் கொண்டு போனோம். மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பார்த்தார். ஓ. எக்ஸ். ஜி. என்ற மூன்றெழுத்து இருந்தது. பதினேழு கல். பக்கத்தில் 'திருத்தப்படாதது' என்ற பொய்யும் இருந்தது. எண்ணெய் போட்டு, மூன்று நாள் பல நிலைகளில் வைத்துப் பார்த்துவிட்டு, நாளுக்குப் பத்து விநாடிக்கு மேல் பிசகவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்.

சுங்கம் கட்டிய ரசீதை நண்பர் நாலாக மடித்துக் கடிகாரப் பெட்டியின் அடியில், வெல்வெட்டுக்குக் கீழே வைத்திருக்கிறார். ஊருக்குப் போகும்போது கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டால், ரசீதின் நகல் ஒன்றையும் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்.